முதலில் வரும் தண்ணீர்

பழைய பள்ளிக்கூடக் குழாயிலிருந்து பிடித்து வந்த தண்ணீரில் ஒரு சொட்டை ஆய்வுக்கூட இயந்திரம் உறிஞ்சிப் பார்த்தது.

“அது ஈயக் குழாயாச்சே! உன்னிடம் அந்த ஈய விஷம் துளிகூட இல்லையே, எப்படி?” என்று கேட்டது.

“பத்து நிமிஷம் குழாயைத் திறந்துவிட்ட பிறகுதானே என்னைப் பிடித்தார்கள்!” என்று தண்ணீர் பெருமையாகச் சொன்னது.

“அப்படியென்றால், ராத்திரி முழுக்க ஈயத்தில் ஊறிக் கிடந்த தண்ணீர்?”

“அதுவா? அதுதான் முதலில் வரும். இன்றைக்குச் சாக்கடையில் போய்விட்டது.”

“மற்ற நாளில்?”

“மற்ற நாளில் யார் திறந்துவிடுகிறார்கள்? காலையில் முதலில் வரும் பிள்ளைகள் அதைக் குடித்துவிடுவார்கள்.”

ஆட்களைக் கூப்பிட இயந்திரம் அவசரமாக வாயைத் திறந்தது. ‘குடிக்க ஏற்றது’ என்று அச்சடித்த தாள்தான் வெளியே வந்தது.