சூப்பும் பிராத்தும்

"இதுக்குப் பேரு சூப்பா?" யாக்கூப் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"சூப்பு இல்ல மாமா, பிராத்து" என்றாள் மருமகள் ஃபாயிஸா.

யாக்கூப் ஷார்ஜா ஓட்டலில் இருபது வருஷம் பரிமாறியவர். பெரிய கோப்பையில் வந்தால் சூப்பு, சின்னதில் வந்தால் பிராத்து, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவளுக்குப் பாடம் எடுத்தார்.

அவள் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினாள். சூப்பில் கறியும் காயும் கிடக்கும். பிராத்து என்றால் எலும்பை வேகவைத்து வடிகட்டிய சாறு மட்டும். குடலில் போட்ட தையல் ஆறும்வரை கறி ஒரு துண்டு உள்ளே போனாலும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதெல்லாம் சரி. தினமும் அரைக் கிலோ ஆட்டுக்கறி எலும்போடு வருகிறதே, சாறு இவருக்கு என்றால் கறி யாருக்கு?

மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தேவிட்டார். குற்றாலச் சாரலில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியோடு பின்வாசலில் இறங்கிப் போனாள். அவளுடைய உம்மா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். யாக்கூப்புக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலம் ரியாத்திலிருந்து மகன் பாரூக் வீடியோ காலில் வந்ததும் கொட்டித் தீர்த்தார்.

"எனக்குத் தண்ணிய வடிச்சுக் குடுத்துட்டு, கறியப் பூராம் அவ உம்மா வீட்டுக்குக் கொண்டு போறா, கேட்டியாலே."

பாரூக் தயங்கினான். "அங்க போவல வாப்பா. பக்கத்து வீட்டுக்குத்தான் போவுது."

"கணேசமூர்த்தி வீட்டுக்கா?" சாக்கடைத் தகராறில் மூன்று வருஷமாக முகம் பார்க்காத ஆள். "அவனுக்கு எதுக்குலே நம்ம வீட்டுக் கறி?"

கதவோரம் நின்ற ஃபாயிஸா சொன்னாள். "ஆபரேஷன் அன்னைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் எங்கயும் கிடைக்கல மாமா. ஐந்தருவியில குளிச்சிட்டிருந்தவரு சேதி கேட்டு ஈரத் துண்டோட ஓடிவந்து குடுத்தாரு. தெரிஞ்சா பாய் டியூபப் பிடுங்கிப் போட்டுருவாரு, சொல்லாதம்மான்னுட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

யாக்கூப்புக்குக் கண் நிறைந்துவிட்டது. தன்னைத் தானே நொந்துகொண்டு, மேஜையில் ஆறிக்கிடந்த பிராத்தைச் சொட்டு விடாமல் குடித்தார்.

மறுநாள் மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டே பின்வாசலுக்கு நடந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி," என்று குரல் கொடுத்தார், "கறியில உப்பு சரியா இருக்கா?"