மலை எஞ்சின் ரத்து

"மூடிட்டுப் போகட்டும்! இழுத்துப் பூட்டிட்டுப் போகட்டும்!"

பல் டாக்டர் மேஜையைக் குத்திய வேகத்தில், அதன்மேல் ஓடிக்கொண்டிருந்த குட்டி ரயிலின் கடைசிப் பெட்டி தடம் புரண்டது.

மாதிரி ரயில் பிரியர்கள் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். சங்கத்துக்குத் தலைவர் டாக்டர். கோபத்துக்கும் அவர்தான் தலைவர்.

விஷயம் இதுதான். இவர்களுக்கு எஞ்சினும் பெட்டியும் தண்டவாளமும் செய்து தரும் ஒரே கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக 'இதோ, இதோ' என்று இழுத்தடித்த மலை எஞ்சின், சங்கத்தில் எல்லோரும் முன்பதிவு செய்தும், இன்னும் வந்தபாடில்லை. அறிவிப்பு மட்டும் வந்திருந்தது: வெள்ளிக்கிழமைக்குள் போதுமான முன்பதிவு சேர்ந்தால் எஞ்சின் தயாராகும், இல்லாவிட்டால் பட்டறையையே மூடுகிறோம்.

"இது அறிவிப்பா? மிரட்டல்! போன தடவை வந்த எஞ்சின்ல புகைபோக்கி கோணல். கேட்டா, 'தூரத்துலேர்ந்து பார்த்தா தெரியாது சார்'ங்கறான். நான் உங்களுக்குப் பல்லைக் கோணலாக் கட்டிட்டு, தூரமா நின்னு சிரிங்கன்னு சொன்னா விடுவீங்களா?"

"அதானே!" என்றார் எலெக்ட்ரீஷியன். சங்கத்தில் அவருக்குப் பேர் 'சிக்னல்'. "சக்கரம் கேட்டுப் போன மழைக்கு எழுதினேன் டாக்டர். அடுத்த மழையே வந்தாச்சு, சக்கரம் வரல."

பூகோள வாத்தியார் மட்டும் இழுத்தார். "கோபம் நியாயம்தான். ஆனா கம்பெனியே போயிட்டா, நாளைக்கு ஒரு ஸ்க்ரூவுக்கு யார் வாசல்ல போய் நிக்கறது?"

"உங்களை மாதிரி ஆளுங்க தாங்கிப் பிடிக்கறதாலதான் வாத்தியாரே, அவனுங்களுக்குக் குளிர் விட்டுப்போச்சு!"

வாத்தியார் தடம் புரண்ட பெட்டியை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தார்.

அந்தச் சங்கத்தில் ஓட்டுக்குக் கை தூக்கும் வழக்கம் கிடையாது. ரயிலின் கடைசிப் பெட்டியில் நிற்கும் கார்டைப்போல் கொடி காட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு பச்சை, ஒரு சிவப்பு.

"முன்பதிவை ரத்து பண்ணணும்ங்கறவங்க சிவப்பு காட்டுங்க!"

அறை முழுக்கச் சிவப்பு. கடைசியாக, வாத்தியார் கையிலும்.

"நல்லாக் கேட்டுக்குங்க. நாளைக்கே ரத்து பண்ணிடணும். எவனாவது திருட்டுத்தனமா வாங்கினான்னு தெரிஞ்சுது, அப்புறம் இந்த மேஜைப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது!"

வீட்டுக்கு வந்த பிறகும் டாக்டருக்குச் சூடு தணியவில்லை.

"அவனுங்க மூஞ்சியில கரியைப் பூசிட்டேன்!" என்றார் மனைவியிடம்.

"ரொம்ப சந்தோஷம். அப்போ அந்த ரயில் ரூமைக் காலி பண்ணிக் குடுங்க. துணி காயப்போட இடமில்லாம அல்லாடறேன். இந்த வயசுல பொம்மைக்கு ஒரு மலை!"

"பொம்மைன்னு சொல்லாதே. மாடல்!"

"மாடலோ மண்ணாங்கட்டியோ. ரயில் வராத மலை எதுக்குங்க?"

டாக்டர் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார். மறுநாள் காலை, வீடே அதிரும்படி போனில் கத்தி, முன்பதிவை ரத்து செய்தார்.

அதன் பிறகுதான் வினை. அந்த அறைக்குள் போனால் மலை நிற்கிறது. பல் துளைக்கும் கருவியாலேயே அவர் குடைந்த சுரங்கம் நிற்கிறது. சுரங்கத்துக்குள் தண்டவாளத்தை, மலை எஞ்சினின் நீளத்தைக் கணக்குப் பண்ணி, அவ்வளவு இறுக்கமாக வளைத்திருந்தார். வேறெந்த எஞ்சினும் அதில் திரும்பாது. இன்னும் பிறக்காத எஞ்சினுக்கு வீடு கட்டி வைத்திருந்த மனிதர்!

வியாழக்கிழமை மனைவி கடைக்குக் கிளம்பினாள். டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு கம்பெனிக்குப் போன் போட்டார். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஒரு மலை எஞ்சின் பதிவு பண்ணணும்மா. என் மனைவி பேர்ல."

"அவங்களுக்கா சார்?"

"ஆமா. அவளுக்கு ரயில்னா உசுரு."

ஆர்டர் பிரிவுப் பெண் சிரித்துவிட்டாள். "உங்க ஊர்ல எல்லா லேடீஸுக்குமே உசுராத்தான் சார் இருக்கு. வாத்தியார் ஒருத்தரோட சம்சாரம், எலெக்ட்ரீஷியனோட தங்கச்சி, யாரோ ஒருத்தர் மாமியாரைக்கூட விடல. ஆனா போன்ல பேசறதெல்லாம் ஆம்பளைங்க. ஆளாளுக்கு, 'எங்க தலைவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்'ங்கறாங்க. யார் சார் அந்தத் தலைவர்? அவ்வளவு மோசமானவரா?"

டாக்டர் பல்லை நறநறவென்று கடித்தார். துரோகிகள்! சிவப்புக் கொடியைக் காட்டிவிட்டு இந்த வேலையா? வரட்டும் ஞாயிற்றுக்கிழமை, ஒருத்தனையும் விடக் கூடாது!

"எனக்கென்னம்மா தெரியும்!" என்று சீறினார்.

"யாரா இருந்தா என்ன, அந்த லேடீஸ் புண்ணியத்துல பட்டறை தப்பிச்சுது சார். உங்க வீட்டம்மா பேர், விலாசம் சொல்லுங்க."

சொன்னார். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது, பாதியில் நின்றது.

"சார், இந்த விலாசத்துல இந்தப் பேருக்கு திங்கட்கிழமையே ஒண்ணு பதிவாகியிருக்கே."

"என்னது? யார் பண்ணினது?"

"அவங்கதான் சார். இத்தனை லேடீஸ்ல தானே போன் பண்ணிப் பேசினது அவங்க ஒருத்தர்தான். 'எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் உங்ககிட்டக் கத்தி ரத்து பண்ணினார், மனசுல வெச்சுக்காதீங்க. கோபம் இறங்கினதும் அவரே தேடுவார், ஒண்ணு எடுத்து வெச்சிடுங்க'ன்னு சொன்னாங்க."