கெர்னல் வேலையாக வந்தவர்

"சார், கெர்னல் வேலையா ஒருத்தங்க வந்திருக்காங்க. உள்ள அனுப்பட்டுமா?"

வரவேற்பறையிலிருந்து வந்த அந்தக் குரல் மேஸ்திரியின் காதில் தேனாகப் பாய்ந்தது. "இதையெல்லாம் கேக்கணுமாம்மா? கையோட கூட்டிட்டு வா!" என்று போனிலேயே கத்தினார்.

அவர் அந்தக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். யாரையும் சும்மா இருக்கவிடாமல் வேலை வாங்குவதால் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு மேஸ்திரி என்று பெயர். அந்த மேஸ்திரியையே மூன்று வாரமாக கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலில் ஒளிந்திருந்த ஒரு பிழை வேலை வாங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் செய்தது, நோயாளியின் கட்டிலருகே வைக்கும் இதயத்துடிப்பு மானிட்டர். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு தடவை, புது எண் வந்த பிறகும் பழைய எண்ணையே காட்டும். பன்னிரண்டு மணிக்கு மருத்துவமனை டாக்டர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். "ஒரு நிபுணரை அனுப்புறேன், பத்து மணிக்கு வருவாங்க" என்று முதலாளி சொல்லியிருந்தார். இப்போது மணி பத்து.

உள்ளே வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வாசலிலேயே நின்று, "உக்காரலாமா சார்?" என்றார்.

"உக்காருங்க மேடம்! நேரா விஷயத்துக்கு வந்துடறேன்." மேஸ்திரி போர்டில் கட்டங்கள் வரைந்தார். "உள்ள நாலு பிராசசர். ஒண்ணு, துடிப்போட எண்ணை மெமரியில எழுதிட்டு, ரெடின்னு கொடி தூக்கும். இன்னொண்ணு, கொடியைப் பாத்துட்டு எண்ணைப் படிச்சுத் திரைக்கு அனுப்பும். கொடி சரியாத்தான் ஏறுது. ஆனா எப்பவாவது பழைய எண் வந்துடுது. ஏன்?"

"எவ்வளவு நேரம் சார் தருவீங்க?"

"பன்னிரண்டு மணிக்குள்ள."

"அவ்வளவு நேரமா!" அவர் கண்கள் விரிந்தன. "புரோகிராமைப் பாக்கலாமா?"

"பாக்கலாமாவா? மொத்தமும் உங்களுதுதான்!"

நிறைகுடம் தளும்பாது என்பது சும்மா இல்லை என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் அந்தப் பெண் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கேட்டார்: "உள்ள என்ன நடக்குதுன்னு காட்டச் சொல்லி நடுவுல ஒரு பிரிண்ட் வரி போட்டுப் பாத்தா தப்பு மறைஞ்சுடுமே?"

"ஆமா மேடம்!" சோதனைப் பிரிவுக்காரி துள்ளினாள். ஒல்லி உடம்பும் கூர்மையான வாயும் கொண்ட அவளை எல்லோரும் குண்டூசி என்பார்கள். "கல்லுளிமங்கன் மாதிரி வாயே திறக்காது!"

"பழைய சிப்புல வந்திருக்காது. புது சிப்புக்கு மாத்தின அப்புறம்தான் வந்திருக்கும்."

மேஸ்திரி வியந்துபோனார். கூடவே இருந்து பார்த்தது போலச் சொல்கிறாரே!

"மெமரி பேரியர் போட்டிருக்கீங்களா?"

"எழுதுற பக்கம் போட்டாச்சு மேடம். முதல்ல எண், அப்புறம்தான் கொடி. வரிசை மாறக் கூடாதுன்னு கறாரா சொல்லியாச்சு."

"படிக்கிற பக்கம்?"

மேஸ்திரி போர்டிலிருந்த கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அது... கொடியைப் பாத்துட்டுத்தானே எண்ணைப் படிக்குது?"

"அது நீங்க எழுதின வரிசை சார். பிராசசர் நம்மளைவிட அவசரக்காரன்." இப்போது அந்தக் குரலில் தயக்கமே இல்லை. "சமையல்காரர் தட்டுல சாப்பாட்டை வெச்சுட்டுத்தான் மணி அடிக்கிறார். சரி. ஆனா பரிமாறுறவன் மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே அங்க கிடந்த பழைய தட்டை எடுத்துக் கையில வெச்சுட்டு நிக்கிறான். மணி கேட்டதும் அதையே கொண்டுபோய்க் குடுத்துடறான்! கொடியைப் பாக்கிற வரைக்கும் எண்ணைத் தொடாதேன்னு அவன்கிட்டயும் சொல்லணும். ஒரு கை தட்டினா ஓசை வருமா? பேரியர் ரெண்டு பக்கமும் வேணும்."

"அட ராமா!" மேஸ்திரி நெற்றியில் அடித்துக்கொண்டார். "மூணு வாரமா எழுதுற பக்கத்தையே நோண்டிக்கிட்டிருந்தோமே!"

சேர்த்தது ஒரே ஒரு வரி. குண்டூசி அதை ஆய்வுக்கூடத்திலிருந்த பன்னிரண்டு மானிட்டர்களிலும் ஏற்றி, ஓட்டிவிட்டாள். வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்று சறுக்கும். பத்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. ஒன்றும் சறுக்கவில்லை.

இருபத்தாறாவது நிமிடத்தில் ஆறாவது மானிட்டர் பட்டென்று அணைந்தது.

"போச்சு!" மேஸ்திரி நாற்காலியில் சரிந்தார்.

"ஐயோ, இல்ல சார்! என் கால் பட்டு பிளக் கழண்டுடுச்சு!" குண்டூசி மேசைக்கடியிலிருந்து அலறினாள். சிரிப்பதா, அவளை அடிப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை.

மணி பதினொன்றரை. அதைச் செருகி ஓடவிட்டும் ஒரு மானிட்டர்கூடத் தப்பு எண் காட்டவில்லை. ஆய்வுக்கூடமே எழுந்து கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். வாழ்நாளில் யாரையும் பாராட்டாத மேஸ்திரி, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"மானத்தைக் காப்பாத்திட்டீங்க மேடம்! உங்களை மாதிரி ஒரு நிபுணர் வந்தது எங்க அதிர்ஷ்டம். உங்களுக்கு நாங்க என்ன செய்யணும்? கூச்சப்படாம சொல்லுங்க."

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மறைந்தது. அவர் உடுத்தியிருப்பது புடவையா சட்டையா என்றுகூட அதுவரை கவனிக்காத அத்தனை பேரும் இப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ... கெர்னல் வேலைக்கான இன்டர்வியூ முடிஞ்சுதா சார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "குழந்தை பிறந்ததுலேருந்து அஞ்சு வருஷமா நான் எங்கயும் வேலை பாக்கல. போன இடத்துல எல்லாம் அதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினாங்க. இங்க அது பரவாயில்லையா?"