ஜன்னல்காரி

எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரருக்குத் தலை நரைத்தும் விளையாட்டுப் புத்தி போகவில்லை. கேசட் சொருகும் பழைய வீடியோ கேம், சிடி போடும் புதுசு, கம்ப்யூட்டர் என்று மூன்றிலும் மாறி மாறிச் சுட்டுத் தள்ளுவார். எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் அவர் வீட்டை வேவு பார்க்கிறேனாம். ஜன்னலில் நின்று காற்று வாங்குவதும் குற்றமா?

இன்று அவரே கூப்பிட்டார். "அக்கா, எந்த கேமைப் போட்டாலும் நீங்கதான் ஜன்னல்ல நிக்கிறீங்க. வந்து பாருங்க."

ஆவல் விடவில்லை, அடுப்பில் பாலை வைத்தது வைத்தபடி ஓடினேன். கார்ப் பந்தயத்தில் ஒரு மாடி ஜன்னல், போர் விளையாட்டில் கோட்டை, இன்னொன்றில் விண்கலம். எல்லாவற்றிலும் என் பச்சை நைட்டியோடு நான்.

"எத்தனை தடவை சுட்டாலும் சாக மாட்டேங்கிறீங்க," என்றார்.

"நிஜத்துல மட்டும் என்னவாம்?" என்றாள் அவர் மனைவி.

"இன்னைக்குத்தான் உங்க வீட்டுக் கதவு திறந்துச்சு" என்று பட்டனை அழுத்தினார். திரையில் அவருடைய ஆள் துப்பாக்கியோடு என் சமையலறைக்குள் நுழைந்தான். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை.

"எங்கேங்க போனா?" என்றாள் மனைவி.

"வெளியே போயிருக்கா. வரட்டும்." அவனைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, நிதானமாகச் சோம்பல் முறித்தார்.

இன்னும் அவர்கள் சோபாவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"கிளம்பலையா அக்கா?" என்கிறார் மறுபடியும்.