ஒரே உடம்பு, ரெண்டு தராசு

குடோன் ஆளுங்க தங்குற கேம்ப் மெஸ்ஸுல தட்டை நீட்டுறதுக்கு முன்னாடி எடை மேடையில ஏறி நிக்கணும். சேவுகன் ஏறினதும் மெஷின் கொஞ்சலாச் சொல்லுச்சு: "உங்க உயரத்துக்கு எடை அதிகம். இன்னைக்கும் அரைக் கரண்டி சோறு."

பதினோரு வருசம் மூட்டை தூக்கி இறுகிப்போன உடம்பு அது. அதுல கொழுப்பைத் தேடினா எங்க கிடைக்கும்?

பின்னால நின்ன பரமகுரு சிரிச்சான். "மாப்ளே, உனக்குப் பொண்ணு பாக்குறாங்க போல. அதான் ஒல்லியாக்கப் பாக்குது."

சேவுகனுக்குச் சிரிப்பு வரல. நாலு வாரமா பசியில வயிறு எரியுது.

குடோன் வாசல்லயும் ஒரு மேடை இருக்கு. அங்க ஏறினாலும் அதே நம்பர்தான் காட்டும். ஆனா அந்த மெஷின் சொல்றது வேற: "நல்ல எடை. உங்களுக்கு எண்பது கிலோ மூட்டை." ஒல்லிப் பரமகுருவுக்கு நாப்பதுதான்.

அன்னைக்குப் பதினாலாவது மூட்டையில சேவுகனுக்குக் கண்ணு இருட்டுச்சு. சுவத்தைப் பிடிச்சு நின்னவன், மூட்டையோட நேரா ஆபீஸுக்குள்ள போயிட்டான்.

"சார், சோத்துக்கு நான் குண்டன், சுமைக்கு மட்டும் பலசாலியா?"

சூப்பர்வைசர் நிமிர்ந்துகூடப் பாக்கல. "மெஸ் உன் உடம்பு நல்லா இருக்கணும்னு பாக்குதுப்பா. குடோன் வேற செக்‌ஷன்."

"செக்‌ஷன் ரெண்டு இருக்கலாம். எனக்கு இருக்கிறது ஒரு முதுகுதான்."

எண்பது கிலோவையும் அவர் மேசை மேலயே போட்டான். மேசை முறிஞ்சு உக்காந்துருச்சு.

வெளிய வந்தா, பரமகுரு தன் மூட்டையோட வாசல்ல நின்னான்.

"வழிய விடு மாப்ளே. என்னுதையும் வச்சுட்டு வந்துர்றேன்."