சேர்த்து எழுதவும்

"என்னைப் பார்த்தா நாய் மாதிரியா தெரியுது, மேடம்?"

நகர அமைப்பு அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எதிரே நின்ற இரும்புக் கடைக்காரரை நிமிர்ந்து பார்த்தார். அது பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இல்லை.

கடைக்காரருக்கு மூச்சு வாங்கியது. இரண்டு மாடிப் படிகளையும் கோபத்திலேயே ஏறி வந்திருந்தார். பின்னால் நிதானமாக வந்த மனைவி, சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் நிலத்துல போர்டு நட்டிருக்கீங்க. முதல் வரியில கொட்டை எழுத்துல 'நீர் நாய்'. போறவன் வர்றவன் எல்லாம் அதைப் படிச்சிட்டு என்னைப் பார்க்கிறான். மரியாதையா 'நீர்'னு கூப்பிட்டுட்டு, அடுத்த வார்த்தை நாயா?"

அதிகாரிக்கு வந்த சிரிப்பு உதட்டோடு நின்றது.

"ஐயா, அது உங்களைச் சொல்லல. நீர்நாய்ங்கிறது ஆத்துல மீன் பிடிச்சுத் தின்னுற பிராணி. சேர்த்து எழுதணும். போர்டு எழுதினவர் நடுவுல இடம் விட்டுட்டார். கீழ இருக்கிறதைப் படிக்கலையா? 'வாழும் இடம். கட்டடம் கட்டத் தடை.'"

"படிச்சேன். அதுக்குத்தான் முக்கியமா வந்தேன்."

அவர் குரல் இறங்கிவிட்டது. நாய் என்றதைக்கூடப் போகட்டும் என்று விடலாம், வீட்டை விட முடியுமா? ஆற்றோரம் சொந்த நிலம். கீழே தாங்கள் இருவர், மாடியில் மகன் குடும்பம், ஜன்னலைத் திறந்தால் காற்று சும்மா பிய்த்துக்கொண்டு வரும். கொத்தனாரிடம்கூடச் சொல்லி வைத்தாயிற்று.

"அஸ்திவாரத்தை ஆள் உயரத்துக்குத் தூக்கினா கட்டிக்கலாம்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"அது பழைய விதி. வெள்ளம் பாயுற நிலத்துக்கெல்லாம் விதியை மாத்திட்டோம். அழிஞ்சுக்கிட்டு வர்ற பிராணி குடியிருக்கிற இடத்துல, எவ்வளவு தூக்கிக் கட்டினாலும் அனுமதி கிடையாது."

"அது என் நிலத்துல இருக்குன்னு யார் சொன்னது? நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே!"

"நாங்க பார்த்தோம். காலடித் தடம் இருக்கு. எச்சத்துல மீன் செதில் இருக்கு. குட்டிகூடப் போட்டிருக்கு. முன்னாடியெல்லாம் அதுங்க பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்துச்சு. ஏன் உங்க நிலத்தைத் தேடி வந்துச்சுன்னு எங்களுக்கே பிடிபடல."

"எல்லாம் என் நேரம்!" என்று தலையில் அடித்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார் கடைக்காரர். "நீயாவது ஒரு வார்த்தை பேசேன். ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருக்கியே."

"சட்டம்னு ஆனப்புறம் நாம என்னங்க பண்ண முடியும்?" என்றாள் அவள்.

அவள் அப்படித்தான் சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். அந்த நிலம் அவளுக்கு ஆகவே ஆகாது. போன வெள்ளத்தில் அங்கிருந்த மின்கம்பம் பாதிக்கு மேல் முழுகிப்போனதைக் கண்ணால் பார்த்தவள். நடக்கப் பழகாத பேத்தியை அங்கே கொண்டுபோய் வைக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அழுதும் பார்த்தாள். அவர் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார். பிறகு அவளே பேச்சை நிறுத்திக்கொண்டாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

"அதை விரட்டிவிட்டா?"

"கேஸ் ஆகும். உள்ளே போயிடுவீங்க."

"சரி, அதுவா போயிட்டா?"

அதிகாரி யோசித்தார். "அதுவா போய், ரெண்டு மழைக்காலம் திரும்பி வரலைன்னா, மறுபடி விண்ணப்பம் கொடுங்க. பார்க்கலாம்."

கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அவ்வளவுதானே! கரையெல்லாம் வெறும் சேறு. அங்க தின்ன அதுக்கு என்ன இருக்கு? வயிறு காய்ஞ்சா தானா நடையைக் கட்டும். நீங்க போர்டை மட்டும் சேர்த்து எழுதச் சொல்லுங்க மேடம், புண்ணியமாப் போகும்."

வீடு திரும்பும் வழியில், வந்த உற்சாகத்தில் மீன் கடை முன் நின்றார். நல்ல பெரிய மீனாகக் கைகாட்டினார்.

"தலையைப் பத்திரமா எடுத்து வைப்பா. எங்க வீட்டுல என்ன மாயமோ, கொஞ்ச நாளா மீனுக்குத் தலையே முளைக்கிறதில்ல."

மீன்காரர் சிரித்தார். மனைவி பையை விரித்துப் பிடித்து மீனை வாங்கிக்கொண்டாள்.

அவர் அப்படியே கடைக்குப் போய், அன்றைய வியாபாரத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். மகன் வீட்டுச் சாவியை எந்தச் சுவரில் மாட்டுவது என்பது வரைக்கும் மனக்கணக்கு ஓடியது. தட்டில் மனைவி மீன் துண்டுகளை வைத்தாள். அவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்க, தலையைக் காணோம்?"

"நாய்க்குப் போட்டுட்டேன்."

"இன்னிக்குமா?"

"தினமும்தான்."

"நம்ம தெருவுலதான் நாயே இல்லையே! எந்த நாய்க்கு?"

அவள் தொட்டிலில் தூங்கும் பேத்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் தட்டில் இன்னொரு துண்டை வைத்தாள்.

"சேர்த்து எழுதுற நாய்க்குத்தாங்க."