மதியம் இரண்டரை

மனைவி இறந்தபின், ஓய்வுபெற்ற கண்டக்டர் ரசலையனுக்குத் தூக்கம் போயிற்று. பக்கத்து வீட்டு ஸ்மைலினின் ஏழு மாதக் குழந்தையும் தூங்காது. ஒருநாள் மதியம் இரண்டரைக்கு அதை வாங்கித் தன் மார்பில் கிடத்தினார். இருவரும் தூங்கிவிட்டார்கள். பிறகு தினமும் அதுவே வழக்கமானது.

மார்ச்சில் ஸ்மைலின் குழந்தையோடு கணவனிடம் குவைத்துக்குப் போனாள். மறுநாள் இரண்டரைக்கு ரசலையன் தனியாகப் படுத்திருந்தார். மார்பில் அந்தக் கனம் வந்து படிந்தது. பால் வாசனை அடித்தது. நிம்மதியாகத் தூங்கினார்.

மூன்று மாதம் கழித்து ஸ்மைலின் போனில் அழுதாள்.

“மாமா, மத்தியானம் பன்னிரண்டானா பிள்ளை உறங்கிருவான். பிடிச்சு உலுக்கினாலும் முழிக்கமாட்டான். மாசாமாசம் எடை குறையுது. டாக்டருக்கும் காரணம் தெரியல்ல.”

குவைத்தில் பன்னிரண்டு என்றால் இங்கே இரண்டரை.

“நான் இனி உறங்கமாட்டேன் மக்கா,” என்றார். அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் அவர் படுக்கவில்லை. இரண்டரைக்கு அருமனைச் சந்தையில் வெயிலில் நின்றார். கனம் தோளில் ஏறியது. கழுத்தில் முகம் புதைத்தது.

“எழும்பு மக்கா. அம்மைகிட்ட போ,” என்று கெஞ்சினார்.

நேற்றைவிட அது கனத்தது. நின்றபடியே அவருக்குக் கண் சொக்கியது.